வேலையிலும் இல்லை, தேர்தலிலும் இல்லை

கிரிவலப் பாதையை ஒட்டிய அந்த ஊருக்குப் பதினோரு வருடமாகத் தண்ணீர் விட்டவள் எல்லம்மாள். மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போடுவதும், தெருத்தெருவாக வால்வைத் திருப்புவதும் அவள் வேலை. லாட்ஜுகளுக்கு நாள் தவறாமல் தண்ணீர் போகும். அவள் குடியிருக்கும் மேட்டுத்தெருவுக்கு மூன்று நாளைக்கு ஒரு முறை, அதுவும் வால்வில் கால் திருகல்தான். ஊராட்சித் தலைவராக இருந்த ஆதிமூலத்தின் ஏற்பாடு அது. சொந்தத் தெருவைத் தன் கையாலேயே காயப்போடுகிறோமே என்று அவளுக்கு வயிறு எரியும்.

தலைவர் பதவி பெண்களுக்கு என்றானதும் ஆதிமூலம் தன் மனைவி சந்திரகலாவை நிறுத்தினார். எல்லம்மாளும் நிற்பதென்று முடிவு கட்டினாள். ஊராட்சியில் சம்பளம் வாங்குகிறவர் ஊராட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்பது சட்டம். கணவன் பலராமன் இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடக்க, வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரே சம்பளத்தையும் விட்டாள்.

ராஜினாமா கடிதத்தை வாங்கிக்கொண்ட செயலாளர் காசி, "ஏத்துக்கிட்டதுக்கு ஆர்டர் அப்புறமா தரேன். புது ஆள் வர்ற வரைக்கும் சாவி உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். நல்ல மனுஷன் என்று அவளும் நம்பித் தொலைத்தாள்.

அந்த வருடம் பார்த்து மனுத்தாக்கல் வாரத்திலேயே கார்த்திகை தீபமும் வந்தது. மலை சுற்ற வந்த ஜனம் ஊருக்குள் வழிந்தது. புது ஆளைக் காணோம், தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கைக்குழந்தைக்காரி ஒருத்தி காலி பாட்டிலோடு வாசலில் வந்து நின்றாள். எல்லம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு போய் மோட்டாரைப் போட்டு, வால்வையும் திறந்துவிட்டாள்.

மனுப் பரிசீலனை அன்று ஆதிமூலம், தீபத்தன்று எடுத்த ஒரு போட்டோவை மேஜைமேல் வைத்தார். வால்வு குழியில் குனிந்திருப்பது அவள்தான்.

"இது நீங்கதானாம்மா?" என்றார் தேர்தல் அதிகாரி.

"நான்தான் சார். தீபத்துக்கு வந்த ஜனம் தவிச்சிட்டு நின்னுச்சு."

"வேலைய விட்டதுக்கு ஆர்டர் இருக்கா?"

"லெட்டர் குடுத்துட்டேன் சார். காசி சாரைக் கேளுங்க."

காசி சுவரைப் பார்த்துக்கொண்டு, ராஜினாமா இன்னும் பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார். அதிகாரி பேனாவைத் திறந்தார். எல்லம்மாள் மேஜையைப் பிடித்துக்கொண்டு, "சார், உங்க கால்ல விழறேன், ஒரு நாள் டைம் குடுங்க" என்று கெஞ்சினாள். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்றார் அவர். மனு தள்ளுபடி.

மதியமே ஊராட்சி அலுவலகத்துக்கு ஓடினாள். "நான் இன்னும் வேலையிலதான் இருக்கேன்னு சொல்லிட்டாங்க சார். நாளைக்கே வேலைக்கு வந்துடறேன்."

காசி ஒரு காகிதத்தை நீட்டினார். ராஜினாமா ஏற்கப்பட்டது. தேதி அன்றைய தேதிதான். மை இன்னும் பளபளத்தது.

"புது ஆளும் போட்டாச்சும்மா. சாவியக் குடுத்துடு."

பக்கத்தில் ஆதிமூலத்தின் மச்சான் மணி நின்றிருந்தான். எல்லம்மாளுக்கு அழுகைகூட வரவில்லை. ராத்திரி பலராமனுக்கு மாத்திரை எப்படி வாங்குவது என்பது மட்டும் மனசில் ஓடியது. இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தாள்.

"மேட்டுத்தெரு வால்வு எந்தப் பக்கம் திருப்பணும்க்கா?" என்று கேட்டான் மணி.

"இடப்பக்கம்" என்றாள். "அழுத்தித் திருப்பு. துரு ஏறிக் கெடக்குது. பதினோரு வருசமா நான் அத முழுசாத் தெறந்ததே இல்ல."