கனவுக்குள் பஸ் ஓட்டிய சூசை அண்ணன்

சேதி வந்தபோது எனக்குப் பாதி முகம்தான் சவரம் ஆகியிருந்தது. தியாகதுருகத்தில் மலைக்கோட்டையைப் பார்த்த மாதிரி இருக்கும் சலூனில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து ஸ்டெல்லா, சூசை அண்ணனின் ஒரே மகள்.

"சித்தப்பா, அப்பா போயிட்டாரு. காலைல காபி குடிச்சிட்டு சாஞ்சாரு. அப்பிடியே தூங்கிட்டாரு."

"மிச்சத்தையும் முடிச்சிக்கினு போங்கண்ணே" என்றார் சலூன்காரர். அதற்குள் நான் கழுத்துத் துண்டோடு ரோட்டில் நின்று பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தேன். கள்ளக்குறிச்சி வரைக்கும் யாரும் என்னிடம் டிக்கெட் கேட்கவில்லை. பாதி தாடியைப் பார்த்துப் பயந்திருப்பார்கள் என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள். ஒரு பழைய கண்டக்டருக்குக் கொடுத்த மரியாதை என்று நான் சொல்கிறேன்.

சூசைராஜ் டிரைவரைத் தெரிந்தவர்கள் கல்வராயன் மலை முழுக்க இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு என்ன எழுதத் தெரியும் என்று நினைக்க வேண்டாம். பத்தாம் வகுப்பை நான் இரண்டு தடவை எழுதினேன். ஒரே தடவை எழுதினவர்களைவிட இரண்டு மடங்கு படித்தவன் என்று அர்த்தம்.

கள்ளக்குறிச்சியில் கிளம்பி, கச்சிராயபாளையம் தாண்டி, வெள்ளிமலை ஏறி, அதற்கும் மேலே ரோடு முடிகிற ஊர் வரைக்கும் போகிற பஸ் எங்களுடையது. அவர் ஸ்டியரிங், நான் விசில். மழை மேகம் ரோட்டில் இறங்கிவிட்டால் நான் கீழே குதித்து, மேகத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு முன்னால் நடப்பேன், பஸ் என் பின்னால் கன்றுக்குட்டி மாதிரி வரும். கூட்டம் இல்லாவிட்டால் பாதி வழியிலேயே பஸ்ஸைத் திருப்பிவிடுகிற டிரைவர்கள் உண்டு. அதற்கு 'ட்ரிப் கட்' என்று பெயர். சூசை அண்ணன் ஒரு நாளும் கட் அடித்ததில்லை. ஒரு தடவை வெள்ளிமலையில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். சீட்டில் ஒரே ஒரு பலாப்பழம் இருந்தது. மேல் ஊரில் யாருக்கோ கொடுக்கச் சொல்லி ஏற்றிவிட்டது.

"அண்ணே, ஆளே இல்ல. திருப்பிக்கலாம்" என்றேன்.

அவர் கண்ணாடியில் பலாப்பழத்தைப் பார்த்தார். "ஏறிட்டா ஏறினதுதான் கண்டக்டரே. கடேசி ஸ்டாப்புல எறக்கி உட்டாதான் நம்ம வேல முடியும்."

போனோம். வாங்கிக்கொண்டவர் அங்கேயே அறுத்து எங்களுக்கும் கொடுத்தார். அந்தப் பழத்தில் முந்நூறு சுளை இருந்தது. நானே எண்ணினேன், அதாவது தின்றுகொண்டே எண்ணினேன்.

நாங்கள் இருவரும் வேலையை விட்டு இறங்கிச் சில வருடம் கழித்து அவருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் கொஞ்சம் திரும்பி வந்தது. கை வரவில்லை. கியர் போட்ட கை மடியில் கிடந்தது. அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். யார் போனாலும் திரும்பவில்லை, நான் போனாலும். இடது கைக்காவது வேலை கொடுக்க வேண்டும் என்று உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்தவர் சொன்னார். ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார்கள். அண்ணன் அதை ஜன்னல் வழியாக வீசிவிட்டார்.

ஸ்டெல்லா ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறாள். எங்கிருந்தோ ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியை வாங்கிவந்து டிவியில் மாட்டினாள். திரையில் ஒரு மலை, மலைமேல் ஒரு வீடு, வாசலில் கட்டில், கட்டிலில் ஒரு சின்னப் பெண் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் தலையணை கிழிந்து, அதிலிருந்த வெள்ளை வெள்ளையான துணுக்குகள் நூறு, அவள் கனவுக்குள் பறந்து எங்கெங்கோ ஒளிந்துகொண்டனவாம். போர்வை போர்த்திய ஒரு பொம்மை கனவுக்குள் போய் எல்லாவற்றையும் பொறுக்கி வந்து தலையணையில் சேர்த்தால்தான் அவள் எழுந்திருப்பாள். அவை இறகுகள் என்று ஸ்டெல்லா சொன்னாள். நம்ம பக்கத்தில் தலையணைக்கு யார் இறகு வைக்கிறார்கள்? இலவம்பஞ்சுதான். நாங்கள் கடைசி வரைக்கும் பஞ்சு என்றே சொன்னோம்.

சூசை அண்ணன் தலையைத் திருப்பினார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யாரு பெத்த புள்ள இது. எழுப்ப ஒரு ஆளு இல்லியா?"

"நீங்கதாம்ப்பா எழுப்பணும்" என்றாள் ஸ்டெல்லா.

ரிமோட்டுக்கு இரண்டு கை வேண்டும். இடது பக்கக் குமிழில் பொம்மை நடக்கும், வலது பக்கப் பட்டன்களில் வித்தைகள் இருக்கும். அவர் இடது கையைக் கொடுத்தார். வலது கைக்கு நான் தியாகதுருகத்திலிருந்து தினம் மத்தியானம் பஸ் ஏறினேன். அவர் மடியில் ஒரு தலையணை, அதன்மேல் ரிமோட், பக்கத்தில் நான். முதல் நாள் பொம்மை நின்ற இடத்திலேயே நின்றது.

"நடங்கண்ணே."

"நீ ரைட் சொன்னியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "போலாம் ரைட்" என்றேன். பொம்மை கிளம்பியது, கனவுக்குள்ளும் ரோட்டின் இடது ஓரமாகவே.

அதில் வித்தைகள் ஒன்றொன்றாகத்தான் கிடைக்கும். ஒரு கெட்ட கனவை ஜெயித்தால் ஒரு வித்தை. பேரெல்லாம் இங்கிலீஷில் இருந்தது. நாங்கள் எங்கள் பேர் வைத்துக்கொண்டோம். பள்ளத்தில் மெதுவாக மிதந்து இறங்குவது 'நியூட்ரல்'. எல்லாவற்றையும் அசையாமல் நிறுத்துவது 'பிரேக்'. இருட்டில் பொம்மையின் நெஞ்சு வெளிச்சம் விடுவது 'ஹெட்லைட்'. பொம்மை ஒரு ராகம் போல முனகும் வித்தை ஒன்று உண்டு. பக்கத்தில் பஞ்சு ஒளிந்திருந்தால் அது 'ணிங்' என்று பதில் சொல்லும். அதுதான் 'ஹாரன்'. கொண்டை ஊசி வளைவு வந்தால் "ஹாரன் குடு" என்பார் அண்ணன். நான் கொடுப்பேன். வளைவுக்கு வளைவு பஞ்சு கிடைத்தது.

ஹாரன் கைக்கு வந்த புதிதில், கட்டில் இருக்கும் வாசலிலேயே அதை அடித்துப் பார்க்கப் போனேன். ஒவ்வொரு நாளும் ஆட்டம் அங்கிருந்துதான் கிளம்பும். இடது கையால் என் விரலைத் தட்டிவிட்டார்.

"ஸ்டாண்டுக்குள்ள ஹாரன் அடிக்கற பழக்கம் உனக்கு எப்பலேந்து? ஜனம் தூங்குது."

எங்கள் பஸ் விடிகாலையில் ஸ்டாண்டிலிருந்து சத்தமில்லாமல்தான் வெளியே வரும். அது தெரிந்ததால் நானும் மறுபடி கேட்கவில்லை.

சண்டை வந்தால் அண்ணன் பேசாமல் இருப்பார். அது என் ராஜ்யம். பெரிய ஆந்தை ஒன்று வந்தது, இறக்கையை விரித்தால் டிவிக்கு வெளியே தொங்கும். நான் அடித்த அடியில் அந்த ஆந்தை என்னைப் பார்த்துக் கும்பிட்டது. கும்பிடவில்லை, குனிந்துதான் விழுந்தது என்று ஸ்டெல்லா சொல்வாள். அவள் அப்போது சமையலறையில் இருந்தாள்.

"பட்டன் தேஞ்சி பூடும் சித்தப்பா" என்று அங்கிருந்தே கத்தினாள்.

ஆந்தை விழுந்த பிறகும் நான் அடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் சொன்னார்: "அடிச்சது போதும் கண்டக்டரே. எல்லாம் ஏறிட்டாங்களான்னு பாரு." ஒரு பஞ்சு அங்கே பாறைக்குப் பின்னால் இருந்தது. எனக்கு ஜெயிப்பதில் கண். அவருக்கு விட்டுப்போனதில் கண்.

தொண்ணூற்றொன்பது வரைக்கும் வந்தோம். அதற்குள் அவர் சுவரைப் பார்த்துப் படுப்பதை விட்டிருந்தார். இடது கையால் சாப்பிட்டார், பட்டன் போட்டுக்கொண்டார், மாதா கோவிலுக்குத் தானே நடந்து போனார். நூறாவதுதான் கிடைக்கவில்லை. கனவு மலையில் ஒரு குகை விடவில்லை, ஒரு அருவியின் பின்பக்கம் விடவில்லை. இணையத்தில் பார்த்துச் சொல்கிறேன் என்றாள் ஸ்டெல்லா. அண்ணன் சம்மதிக்கவில்லை.

"வழி கேட்டு வண்டி ஓட்டறவன் அந்த ரூட்டுக்கு டிரைவரா?"

அந்த நேரத்தில்தான் இரண்டாவது தடவை வாதம் வந்து விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது நாக்கு குழறியது. இடது கட்டைவிரலும் தாமதமாகத்தான் கேட்டது. இன்னொரு தடவை வந்தால் சொல்ல முடியாது என்று டாக்டர் ஸ்டெல்லாவிடம் சொன்னதை அவரும் கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி:

"எத்தினி பாக்கி?"

"ஒண்ணுதான்ணே."

"அப்ப அந்தப் புள்ள இன்னும் எறங்கல." ரிமோட்டை எடுக்கச் சொல்லிக் கையை நீட்டினார். "எனுக்கு டயமு கம்மியா இருக்குது கண்டக்டரே. சீக்கிரம் வந்துகினு இரு."

நான் மத்தியானம் வருவதை விட்டுக் காலையிலேயே வர ஆரம்பித்தேன். கெட்டிக்காரத்தனம் பேசுகிறவன்தான் நான், ஆனால் அந்த நாட்களில் என் வாய் சும்மா இருந்தது. பொம்மை ரோட்டில் தள்ளாடித் தள்ளாடிப் போகும். நான் ஹாரன் கொடுப்பேன். எந்த வளைவிலும் பதில் வராது. அண்ணன் திரையில் தூங்கும் அந்தப் பெண்ணைப் பார்ப்பார். பயணிகளைக் கண்ணாடியில் பார்ப்பாரே, அதே பார்வை.

ஒரு நாள் மலைப்பக்கம் மழை கட்டியிருந்தது. ஸ்டெல்லா சாப்பாட்டுக்கு வந்தவள் எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். ஆட்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது, பொம்மை கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது. பொம்மை முனகியது. கட்டிலுக்கு அடியிலிருந்து 'ணிங்' என்று ஒரு சத்தம் வந்தது.

மூன்று பேரும் டிவி பக்கம் குனிந்தோம்.

"யாரு அடிச்சது?" என்றார் அண்ணன்.

"நான்தான்ணே. ரொம்ப நாளா எனுக்கு அந்தக் கட்டில் மேல ஒரு சந்தேகம்."

"சித்தப்பா, டீ கிளாசு பட்டன் மேல குந்திகினு இருக்குது" என்றாள் ஸ்டெல்லா.

கிளாசை அங்கே வைத்தது யார்? நான்தான். என் கைக்கு என்னைவிட அறிவு ஜாஸ்தி என்பதை அன்றைக்கு இரண்டு பேர் கண்ணால் பார்த்தார்கள்.

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். வாய் ஒரு பக்கம்தான் போகும், ஆனால் வயிறு முழுக்கக் குலுங்கியது. "மலையெல்லாம் சுத்திட்டு ஸ்டாண்டுலயே உட்டுட்டுக் கெளம்பி இருக்கறமே. எந்த டிரைவரு இப்பிடிப் பண்ணுவான்?"

"ஹாரன் அடிக்காத டிரைவரு பண்ணுவான்" என்றேன்.

"ஆமாய்யா. தப்புதான். ரைட் சொல்லு."

சொன்னேன். அவர் குமிழைத் தள்ளினார். விரல் நடுங்கியதால் பொம்மை இரண்டு தடவை கட்டில் காலில் இடித்துக்கொண்டது. நான் உதவவில்லை, அந்தப் பக்கம் அவருடையது. மூன்றாவது தடவை உள்ளே போய்ப் பஞ்சை எடுத்தது. தலையணை நிறைந்தது. அந்தப் பெண் புரண்டாள், கண்ணைத் திறந்தாள், எழுந்து உட்கார்ந்து காலைக் கீழே தொங்கப் போட்டாள்.

நான் கைதட்டி ஊரைக் கூட்டியிருப்பேன். அண்ணன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவர் திரையைப் பார்த்து மெதுவாகப் பேசினார்.

"எழுந்துட்டியா தாயி. பாத்து எறங்கு. படி ஈரமா இருக்கும்."

எத்தனையோ பேரை இறக்கிவிட்டிருக்கிறோம். எந்த இறக்கத்திலும் எனக்குக் கண் கலங்கியதில்லை. அன்றைக்கு டீயின் ஆவி கண்ணில் பட்டுவிட்டது.

திரையில் ஏதோ எழுத்து வந்தது. ஸ்டெல்லா படித்துச் சொன்னாள். மறுபடி முதலிலிருந்து ஆடலாமாம். கற்ற வித்தையெல்லாம் கையிலேயே இருக்குமாம். பஞ்சுகள் மட்டும் வேறு வேறு இடத்தில் ஒளிந்திருக்குமாம்.

"அதான் முடிச்சாச்சே" என்றேன் நான். ஜெயித்ததைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் அவசரம்.

"இன்னா முடிஞ்சுது?" என்றார் அண்ணன். "மேல போன வண்டி கீழ எறங்க வாணாமா?"

அப்படித்தான் இரண்டாவது ஆட்டம் தொடங்கியது. கடைசி நாள் வரை அதைத்தான் ஓட்டினோம். இப்போது அவருக்கு அவசரம் இல்லை. கனவு மலையில் ஓரமாக நிறுத்திவிட்டு, "ரெண்டு நிமிசம் பாத்துட்டுப் போலாம்" என்பார். பார்ப்போம். வெறும் படம்தான். ஆனாலும் இத்தனை வருடம் மலையில் ஓட்டியவர், ரோட்டை மட்டுமே பார்த்துக்கொண்டு ஓட்டியவர், பள்ளத்தாக்கை உட்கார்ந்து பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். பேச்சு வரவரக் குறைந்தது. முகம் மட்டும் நன்றாக இருந்தது. நல்ல வசூல் நாளில் டிரைவர் முகம் எப்படி இருக்கும், அப்படி.

அடக்கத்துக்கு மலையிலிருந்து நான்கு பஸ் ஜனம் வந்தது. இரண்டு பஸ் என்று ஸ்டெல்லா சொல்வாள். நின்றுகொண்டு வந்தவர்களை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

எல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது அந்தப் பெட்டியை ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். "நீங்களே வெச்சிக்கங்க சித்தப்பா. பாதிலதான் நிக்குது."

இப்போது அது தியாகதுருகத்தில் என் வீட்டு டிவியில் இருக்கிறது. ரிமோட்டின் இரண்டு பக்கமும் இனி நான்தான். என் வலது கையைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். இடது கட்டைவிரலுக்கு வண்டி ஓட்டத் தெரியவில்லை. பொம்மை சுவரில் முட்டுகிறது, பள்ளத்தில் விழுகிறது, மறுபடி ஏறுகிறது. என் வீட்டுக்காரி பார்த்துச் சிரிக்கிறாள். அந்தப் பெண் கட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கிறாள், பஞ்சு பாதிதான் சேர்ந்திருக்கிறது.

சூசை அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த இறங்கும் ட்ரிப்தான். கண்டக்டர் ஓட்டுகிற வண்டி, கொஞ்சம் ஆடும். வந்து சேரும்.