நீலமாகிப்போன பச்சைச் சேலை

போன கிழமை எனக்கு வலக்கண்ணில் கண்புரை எடுத்தார்கள். கட்டை அவிழ்த்துப் பார்த்தால், மஞ்சள் என்று நான் நம்பியிருந்த அறைச்சுவர் வெள்ளையாக நிற்கிறது. நான் இல்லாத நேரம் ஆரோ வெள்ளையடித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் சந்தேகப்பட்டேன். உடனே புளியங்கூடல் பெரியம்மாவின் ஞாபகம் வந்தது.

எழுபதுகளின் தொடக்கம். ஊர்காவற்றுறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரியம்மா வீட்டில்தான் தங்கியிருந்தேன். அவவின் மகன் தெற்கே, பெரியப்பா முந்தி நடத்திய கடையில். வீட்டில் அவவும், நெடுந்தீவில் இருந்து வந்த மருமகள் பூமணி மச்சாளும். பெரியம்மாவின் அலுமாரியில் ஒரு பட்டுச்சேலை இருந்தது. சில வருடங்களுக்கு முன் பெரியப்பா கடைசியாக ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தது. அவர் செத்தபிறகு அவ அதைக் கட்டவில்லை. "என்ரை பச்சைச் சேலை" என்று எடுத்துத் தடவிவிட்டுத் திரும்ப வைப்பா.

கண் சத்திரசிகிச்சைக்குப் போகும்போது அலுமாரியைப் பூட்டித் திறப்பை மச்சாளிடம் கொடுத்தா. ஒரு கண் மட்டும் செய்து, தடித்த கண்ணாடியோடு திரும்பி வந்து அலுமாரியைத் திறந்தா. உள்ளே இருந்தது நீலச்சேலை.

பெரியம்மா சத்தம் போடவில்லை. சேலை மாறிவிட்டது என்று என் காதில் மட்டும் சொன்னா. பிறகு குத்துவிளக்கு, செம்பு என்று ஒவ்வொன்றாகத் தூக்கி, பழையதுதானா என்று பார்த்தா. சந்தேகம் தடிமன் காய்ச்சல் மாதிரி, பக்கத்தில் இருப்பவனுக்கும் தொற்றும். நானும் பெரிய துப்பறிவாளன் போல மச்சாளின் பெட்டியை ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்கினேன்.

காதில் சொன்னது மச்சாளுக்கும் எட்டியிருக்க வேண்டும். ஒருநாள் காலை அவ அந்தப் பெட்டியோடு நெடுந்தீவுக்கு வெளிக்கிட்டு நின்றா. போகமுதல் சேலையை எடுத்து வெளிச்சத்தில் விரித்தா.

"மாமி, புதுக்கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றக் கண்ணாலை பாருங்கோ."

பெரியம்மா பொத்தினா. பச்சை. கையை மாற்றினா. நீலம். திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்தா. கண்ணுக்குள் இருக்கிற வில்லை வயதோடு மெல்ல மெல்ல மஞ்சள் பூப்பதால் அது நமக்குத் தெரிவதில்லை என்று இப்போது எனக்கு டொக்டர் சொல்கிறார். மஞ்சளுக்கூடாகப் பார்த்தால் நீலமும் பச்சைதான். மச்சாளுக்கு அந்தச் சேலை எப்போதும் நீலமாகத்தான் இருந்திருக்கிறது. பழைய ஆக்கள் நீலத்தையும் பச்சை என்பதுபோல மாமியும் சொல்கிறா என்று விட்டுவிட்டா.

"எந்தக் கண்ணை நான் நம்புறது, பிள்ளை?"

"என்னை நம்பியிருக்கலாம், மாமி."

மச்சாள் போகவில்லை. ஆனால் பெரியம்மா பலமுறை நீட்டியும் அந்தத் திறப்பை அவ பிறகு கையால் தொடவில்லை. இருவரும் கடைசிவரை ஒரே வீட்டில் மரியாதையாக இருந்தார்கள், அவ்வளவுதான்.

போருக்குப் பிறகு அந்த வீட்டுக்குக் கூரை இல்லை. அலுமாரியை ஆர் கொண்டுபோனார்கள் என்று தெரியாது. இடம்பெயர்ந்தபோது மச்சாள் எதை எடுத்தா, எதை விட்டா என்று கேட்கவும் அவ இல்லை.