பதம் பார்த்தவள்

காப்பிக்கொட்டை அரைக்கும் மிஷின் வாங்கப் போன கடையில், விற்பனைப் பெண் மாதிரிக்கு ஒரு பிடி அரைத்துக் காட்டிய வாசனையில், இடித்தாகிவிட்ட எங்கள் கல்லிடைக்குறிச்சி வீட்டுப் பின்கட்டு எழுந்து வந்தது. அங்கே, புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்ட அத்தை தினமும் கைமிஷினைக் கரகரவென்று சுற்ற, தூளை விரலில் தேய்த்துப் பதம் சொல்வது சிறுமியான என் வேலை. சரியாக இருந்தாலும், அப்பாவுக்குப் பயந்து அவள் கை நடுங்குவதைப் பார்க்கும் ஆசையில், "இன்னும் பருமனா இருக்கு அத்தை" என்பேன். மறுபடி அரைத்து மாவாகிப்போன தூள் பில்டரை அடைத்துக்கொள்ளும், டிகாக்‌ஷன் இறங்காது. "ஏட்டி, ஒரு தூளு அரைக்கத் தெரியாதவள எவன் வச்சிருப்பான்" என்று அப்பா ஏசுவார். அத்தை என்னைக் காட்டிக்கொடுத்ததே இல்லை.

"பதம் சரியா இருக்கா அக்கா?" என்றாள் கடைப்பெண். சரியாகத்தான் இருந்தது. "இன்னும் பருமனா இருக்கு" என்றேன். பொத்தானை அழுத்தினாள். நடுங்காமல் ஓடிய மிஷினைப் பார்க்க எனக்குச் சப்பென்றிருந்தது.