மயிலாப்பூருக்கு ஒரு வாரப் பஸ்

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் பெசன்ட் நகருக்குக் குடிவந்தபோது அங்கே வீடுகளைவிட மணல்தான் அதிகம். கடல்காற்றும் புதுச் சுண்ணாம்பு வாசனையும் எனக்கு முதல் நாளே பிடித்துவிட்டன. பஸ்தான் இல்லை. காலனி ஆண்களுக்கு சைக்கிள் இருந்தது. மயிலாப்பூர் பள்ளியில் ஆசிரியையாக இருந்த நானோ, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பஸ் பிடிக்க அடையாறு வரை மணலில் நடப்பேன். "இன்னொரு நாள் லேட்டானா வேற எடம் பாத்துக்கோம்மா" என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். "வேலையை விட்டுடேன்" என்றார் கணவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வகுப்பறை இல்லாமல் எனக்கு ஒரு நாள்கூடப் போகாது.

பஸ் ஆபீசுக்கு மனுமேல் மனு போட்டதில், ஒரு வாரம் காலையில் ஒரு பஸ் விட்டுப் பார்ப்பதாகவும், கூட்டம் வந்தால் நிரந்தரமாக்குவதாகவும் பதில் வந்தது. விடுவேனா? வீடு வீடாகப் போய், "வேலை இல்லேன்னாலும் சும்மா ஏறுங்க" என்று கெஞ்சினேன்.

திங்கட்கிழமை, கடைசி வீட்டையும் கிளப்பிவிட்டு நான் ஓடிவருவதற்குள் காலனியே பஸ்ஸுக்குள் இருந்தது. பட்டுப்புடவைகள், பவுடர் பூசிய பிள்ளைகள், கூடையில் புளியோதரை வேறு. படிக்கட்டில் கண்டக்டர் கையை நீட்டி மறித்தார்.

"எடம் எங்க கீது? நாளிக்கு வாம்மா."

விசிலும் ஊதிவிட்டார். நான் கூட்டிய கூட்டம் என்னையே விட்டுவிட்டுப் போகிறது! நடுத்தெருவில் அழுகை வந்துவிட்டது.

பத்தடி போன பஸ் நின்றது. எங்கள் மாடி வீட்டு அம்மா, பாண்டி பஜார் ஜவுளிக்கடைக்காரரின் மனைவி, நான்கு பிள்ளைகளோடு இறங்கினார். திருநெல்வேலிக்காரர், மெதுவாகப் பேசவே தெரியாது.

"ஏறுங்க டீச்சர்! நாங்க கூட்டம் காட்டத்தான ஏறுனோம்!"

கூட்டத்தைக் கணக்கெடுக்க முன் சீட்டில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த பஸ் ஆபீஸ் அதிகாரி திரும்பிப் பார்த்தார். நான் ஓடிப்போய் ஏறினேன்.

"நெஜமாவே தெனம் போறது யாரும்மா?" என்று என்னைக் கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நான் ஒருத்திதான் சார்."

"ஒருத்திக்காகவா இத்தினி பேர்?"

அவர் நோட்டில் எதையோ எழுதி மூடினார். "நாளைலேந்து நீங்க மொதல்ல ஏறுங்க" என்றார். அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பஸ் நிரந்தரமானது. இரண்டே வருஷத்தில் மணல் முழுக்க வீடுகள் எழும்பி, நாங்கள் காட்டிய கூட்டம் நிஜமாகவே வந்துவிட்டது. ஓய்வு பெறும்வரை அந்த பஸ்ஸில்தான் பள்ளிக்குப் போனேன். உட்கார இடம் கிடைத்தது அந்த முதல் இரண்டு வருஷம் மட்டும்தான்.