வலப்பக்கம் விட்ட இடம்

நான் கார் ரேஸ் ஓட்டியவன் என்றால் எங்கள் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். பௌர்ணமி வந்தால் ஆட்டோவுக்கே வழி கிடைக்காத ஊர் திருவண்ணாமலை. ஆனாலும் ஓட்டினேன், ஒரே ஒரு தெரு ரேஸ். அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, கூடவே கொஞ்சம் வயிறும் எரிகிறது.

அப்பாவுக்கு டிராவல்ஸ். கோயிலுக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்கும் தொழில். "ஒரு வருஷம் உன் இஷ்டத்துக்கு ஆடிட்டு வா. அப்புறம் ஒழுங்கா நம்ம வண்டிய எடு" என்று கெடு வைத்திருந்தார். கெடு முடிகிற சமயத்தில்தான் கடலோர நகரம் ஒன்றில் தெருக்களை அடைத்து ரேஸ் வைத்தார்கள். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் அடுத்த வருடம் தன் அணியில் எடுத்துக்கொள்வதாக ஒருவர் சொல்லியிருந்தார். வராவிட்டால் அதோடு ரேஸுக்கு முழுக்கு.

என் மெக்கானிக் கீழ்பென்னாத்தூர்க்காரன், பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன். அவன் ஷெட்டுக்குப் பின்னால் மண் ரோட்டில் காலி ஆயில் டிரம்களை இரண்டு வரிசையாக நிறுத்துவான். காருக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண்தான் இடம். "அங்க டிரம் இல்லடா, சிமெண்ட் சுவரு. இடிச்சா வண்டிய மூட்டை கட்டித்தான் எடுத்தாரணும்" என்பான். நெளிந்த டிரம்மை அவன் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவான். நான் வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டு சாக்கு சொல்வேன். அந்தச் சாயங்காலங்கள் திரும்பக் கிடைக்காதா என்று இப்போதும் ஏங்குகிறேன்.

ரேஸுக்கென்றே போட்ட தடத்தில் தப்பு செய்தால் ஒதுங்க மண்ணோ புல்லோ இருக்கும். தெருவில் சுவர்தான். சாக்கடை மூடி மேல் டயர் ஏறினால் வழுக்கும். ஜனங்கள் நடப்பதற்காகப் போட்ட வெள்ளைக்கோடும் வழுக்கும். சத்தம் இரண்டு சுவரிலும் மோதித் திரும்புவதால் பின்னால் வருகிறவன் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறான் என்றே தெரியாது. ஒரு நல்லது, முந்த இடம் கிடையாது. முன்னால் போகிறவன் தானாக வழி விட்டால்தான் உண்டு.

கடைசிச் சுற்றில் நான் மூன்றாவது. மிச்சம் ஒரே வளைவு. வலப்பக்கம் சின்னக் குன்று, அதைச் சுற்றி ரோடு வலது கைப் பக்கம் திரும்பும். அதுவரை ஒவ்வொரு சுற்றிலும் உள்பக்கச் சுவரை ஒட்டித்தான் திரும்பினேன். இந்த முறை களைப்பில் யோசனை நின்றுபோய், கை தன் பழக்கத்துக்கு ஓட்டியது. கார் இடது ஓரத்திலேயே போனது. வலப்பக்கம் தாராளமாக ஒரு வண்டி போகிற இடம். பின்னால் வந்தவன் விடுவானா? சல்லென்று புகுந்து போய்விட்டான். நான் நாலாவது.

ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் மெக்கானிக் ஓடிவந்தான்.

"இன்னாடா இது! உள்பக்கத்த அப்படியே வுட்டுட்ட! யாருக்குடா வழி வுட்ட?"

எனக்கே அப்போதுதான் உறைத்தது.

"சித்தருங்களுக்குடா" என்றேன்.

எங்கள் ஊரில் கிரிவலம் போகிறவர்கள் ரோட்டின் இடது ஓரமாகவே நடப்பார்கள். மலையை ஒட்டிய வலப்பக்கம், கண்ணுக்குத் தெரியாமல் சித்தர்கள் போகிற வழி. சின்ன வயதில் நான் அந்தப் பக்கம் ஓடினால் அம்மா கையைப் பிடித்து இழுப்பாள். "வழிய மறைக்காதடா, அவங்க வராங்க." பிறகு நான் வண்டி ஓட்டிப் பழகியதும் அந்த ரோட்டில்தான், அதே இடது ஓரத்தில்.

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டான். நான் காருக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் விடிகாலை அவன் ஷெட்டுக் காரில் ஊர் திரும்பினோம், ஓட்டியது நான். அவன் பிடிவாதமாக மலையைச் சுற்றியே போகச் சொன்னான். அடி அண்ணாமலை தாண்டியதும் ரோடு காலி.

"இப்ப வலப்பக்கமா ஒட்டிப் போ. யார் வராங்கன்னு பாத்துடலாம்."

ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பப் பார்த்தேன். எதிரில் ஒரு சைக்கிள்கூட இல்லை. ஆனாலும் கை வரவில்லை. இரண்டாவது தடவையும் வரவில்லை. அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் ஜன்னலை இறக்கிவிட்டு மலைப்பக்கம் பார்த்தான்.

"வுடுறா" என்றான். "அவங்களே முன்னாடி போவட்டும்."

வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அப்பா டிராவல்ஸ் வண்டிச் சாவியை எடுத்து நீட்டினார்.