நான் கத்திய கத்தல்

போன வாரம் சிதம்பரத்தில் ஒரு ஏசி அறையில் என் மனைவி அஞ்சலை பாடம் நடத்தினாள். பிரசவ வலியில் கிடக்கும் பெண்ணுக்குத் துணையாக இருப்பது எப்படி என்று பாடம். வாசலில் இருந்த ஃபிளெக்ஸில் அவள் இரண்டு மடங்கு சிவப்பாக இருந்தாள். ஆட்டோவில் கொண்டுவந்து விட்டவன் என்ற முறையில் நானும் பின்வரிசையில் உட்கார்ந்தேன். அறை முழுக்க ரோஜா ஸ்பிரே வாசனை. பிரசவத்துக்கும் ரோஜாவுக்கும் என்ன சம்பந்தமோ, அஞ்சாங்கிளாஸோடு நின்றவனுக்குப் புரியவில்லை.

எனக்குத் தெரிந்தது கடலூர் முதுநகர் வீட்டில் சூடுபண்ணிய நல்லெண்ணெய் வாசனை. இடுப்பு நீவும் எண்ணெய். அவள் நீவிப் பழகிய இடுப்பு என்னுடையது. வேறு இடுப்பு கிடைக்கவில்லை.

அஞ்சலையை இந்த வேலைக்கு இழுத்தது அவளுடைய முதல் பிரசவம்தான். ஆஸ்பத்திரியில் உள்ளே தனியாகக் கிடந்தாள். "கத்தாத" என்று அதட்ட மட்டும் ஆள் இருந்தது. நான் ஆண்சிங்கமாக வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு தெருவில் யாருக்கு வலி கண்டாலும் கூடவே போய்க் கையைப் பிடித்து உட்கார ஆரம்பித்தாள்.

அவளிடம் முதலில் கற்றுக்கொள்ள வந்தவள் அவளுடைய சித்தி மகள், நெல்லிக்குப்பம் செல்வி. கெட்டிக்காரி. ஆனால் முதல் தடவை வார்டில் வலியில் கிடந்த பெண் போட்ட சத்தத்தில் கையை உதறிவிட்டு ஓடிவந்துவிட்டாள். "இன்னொரு வாட்டி ஓடியாந்தா வூட்டோட கெட" என்று செல்வியின் மாமியார் சொல்லிவிட்டார். துணைக்குப் போகவேண்டிய அடுத்த பெண்ணின் பிரசவத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது.

அஞ்சலை யோசித்தாள். அவள் யோசித்தால் என் தலையில்தான் விடியும். என்னைப் பாயில் படுக்கவைத்து வயிற்றில் தலையணையைக் கட்டினாள். செல்வியை என் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

"கத்துய்யா."

ஹாரன் அடிக்கவே கூச்சப்படுகிறவன் நான். "அம்மா" என்றேன்.

"இன்னாய்யா, கொசு கடிச்சாப்ல? புள்ள பெக்கிற லட்சணமா இது?"

"வுடுக்கா, மாமாவுக்கு சொகப்பெரசவம்" என்று சிரித்தாள் செல்வி.

கண்ணை மூடினேன். அன்று டீ குடித்தபோது உள்ளேயிருந்து வந்த அஞ்சலையின் சத்தம் ஞாபகம் வந்தது. அதே மாதிரி கத்தினேன். எதிர்வீட்டுக்காரர் கம்போடு ஓடிவந்தார். தலையணையும் நானுமாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார். இன்றுவரை அதைப் பற்றிக் கேட்டதில்லை, நல்ல மனிதர்.

செல்வி கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். நான் விடவில்லை. பத்து நாளும் கத்தினேன். என் தொண்டை போனது, அவள் பயமும் போனது. அந்தப் பெண்ணின் பிரசவம் முடிந்து வார்டிலிருந்து வந்தவள் மணிக்கட்டில் நகக் கீறல்களைப் புதுவளையல் மாதிரி காட்டினாள். "உன் கத்தலுக்கு இது ஒண்ணுமில்ல மாமா."

அப்போது செல்வி போனில் பதிவு பண்ணிவைத்த அந்தக் கத்தலைத்தான் இப்போது வகுப்புகளில் ஸ்பீக்கரில் போடுகிறார்கள். சிதம்பரத்திலும் போட்டார்கள். முன்வரிசையில் ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டாள். பாவம் என்று சத்தத்தைக் குறைத்தார்கள். சாயங்காலம் எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள், அவளுக்கும்தான். அவள் மேல் தப்பில்லை. செல்விக்கு நான் கொடுத்த மாதிரி, பிடித்துக்கொள்ள யாரும் அவளுக்குக் கை கொடுக்கவில்லை. அவளுடைய இரண்டு கையும் சும்மாதானே இருந்தன.