கதவை முகர்ந்து பார்ப்பவர்

வீடு காட்ட வந்தவர் உள்ளே போய் விளக்கைப் போட்டுவிட்டு "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார். பூட்டுக்காரர் வாசலை விட்டு நகர்ந்திருக்க மாட்டார். கதவைச் சாத்துவார், திறப்பார், மறுபடி சாத்துவார். கொண்டிக்குப் பக்கத்தில் பழைய ஆணித்துளை எதையாவது மெழுகி மறைத்திருக்கிறார்களா என்று சுண்டுவிரலால் தடவுவார். கடைசியில் குனிந்து கதவின் அடிப்பக்கத்தை முகர்ந்து பார்ப்பார். உள்ளே நிற்பவருக்கு, தன்னை வைத்துப் பூட்டிவிடுவாரோ என்று கிலி பிடித்துவிடும்.

"செவுத்துக்கு வெள்ளையடிச்சு ஏமாத்திடலாம். கதவு காட்டிக்குடுத்துடும்" என்பது அவர் கட்சி.

அவர் இருக்கும் கட்டடம் கைமாறிவிட்டது. முன்னால் பூட்டுக்கடை, பின்னால் குடித்தனம். புதிய முதலாளி இடித்துக் கட்டப்போகிறார். குளியலறைச் சுவரில் ஏற்கெனவே கை வைத்தாயிற்று. இந்த நகரத்தில் வேறு வீட்டு வாடகையைக் கேட்டாலே மயக்கம் வருகிறது. அதனால் விடுமுறைதோறும் பூட்டுக்காரர் பஸ் ஏறி, மலிவான சின்ன ஊர் ஒன்றைப் பார்த்துவிட்டு வருகிறார்.

மலிவுதான் அவருக்குத் தொண்டையில் சிக்குகிற முள். "சும்மா ஒருத்தன் கம்மியா குடுப்பானா? எங்கயோ இடிக்குது."

முதல் ஊரில் ஒவ்வொரு கதவுக்கும் மூன்று பூட்டு. "ஊரே திருடனுக்குப் பயந்து கெடக்கு." அடுத்த ஊரில் கதவுப் பலகை முழங்கால் உயரத்துக்கு ஊதியிருந்தது. "வெள்ளம் வந்து விருந்தாடிட்டுப் போயிருக்கு." இன்னோர் ஊரில் குறையென்று ஒன்றுமே இல்லை. தெரு முழுக்கக் கதவுகள் திறந்தே கிடந்தன. அந்த ஊரும் வேண்டாமென்று திரும்பி வந்தார்.

"இதுல என்னங்க குத்தம்?" என்றாள் மனைவி, கட்டிவைத்த மூட்டையிலிருந்து கரண்டியை உருவிக்கொண்டே.

"பூட்டே இல்லாத ஊர்ல நான் யாருக்குச் சாவி போடறது?"

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இந்தக் குடை குடையலையே நீங்க."

"அப்பவும் உங்க அப்பா ஏன் உடனே சரின்னாருன்னு யோசிச்சேன்."

அவர் வெளியே சொல்லாத இன்னொன்றும் உண்டு. என்ன தொழில் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், வீட்டுக்காரர்களின் கை தானாகவே சாவிக்கொத்துக்குப் போய்விடும். எந்தப் பூட்டையும் திறக்கத் தெரிந்தவனை யார் வீட்டில் வைத்துக்கொள்வார்கள்?

அடுத்துப் போன ஊரில் வீட்டுக்காரர் ஒரு மருந்துக்கடைக்கார அம்மா. அவர் கையும் அப்படித்தான் போனது. வீடு என்னவோ அச்சாக அமைந்திருந்தது. தெருவைப் பார்த்த முன்னறை கடைக்கென்றே கட்டியதுபோல. "யோசிச்சுச் சொல்றேன்" என்று அந்த அம்மா, இவருடைய பூட்டுக்கடை முகவரியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

பதில் வராத அந்த வாரத்தில் மூக்குக்கண்ணாடிக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். கையில் பூட்டிய பித்தளைப் பூட்டு. "வீட்டுப் பூட்டுங்க. சாவி தொலைஞ்சுபோச்சு."

"சாவி இல்லாம இது எப்படி உங்க கைக்கு வந்துச்சு?"

"திறந்திருந்துச்சுங்க. தெரியாம அழுத்திட்டேன்."

"அப்ப வீட்டைக் காட்டுங்க. வந்து திறந்து தர்றேன்."

"வீடு தூரம். கூலி நீங்க கேக்கறத வாங்கிக்குங்க."

'கேக்கறத' என்ற சொல்லோடு கதை முடிந்தது. கதவைப் பார்க்காமல் பூட்டைத் தொடுவதில்லை என்பது அவர் தொழில் வழக்கம். அரத்தை எடுத்து வேறு சாவியை ராவ ஆரம்பித்துவிட்டார்.

"வீடு மாத்தற நேரத்துல வர்ற காசையும் விரட்டுங்க" என்றாள் மனைவி.

இரண்டு நாள் கழித்து மருந்துக்கடை அம்மாவிடமிருந்து போன் வந்தது. வீடு உங்களுக்குத்தான், வாடகைகூட முன்பு சொன்னதைவிடக் குறைவு.

பூட்டுக்காரர் ஆடிப்போய்விட்டார். "கேக்காமயே குறைக்குதுன்னா அந்த அம்மா எதையோ மறைக்குது." மறுபடி பஸ் ஏறிப் போய்க் கதவை முகர்ந்துவிட்டு வந்தார். அதற்குள் இங்கே சமையலறைச் சுவரிலும் கடப்பாரை விழுந்துவிட்டதால், வேறு வழியில்லாமல் குடிபோனார்கள்.

இன்றும் காலையில் கடை திறக்குமுன் கதவைச் சாத்துகிறார், திறக்கிறார், குனிந்து முகர்கிறார். மனைவி பார்த்துச் சிரித்துக்கொள்கிறாள். குடிபோன பிறகு மருந்துக்கடை அம்மா அவளிடம் சொன்னதை அவள் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

மூக்குக்கண்ணாடிக்காரர் அந்த அம்மாவின் தம்பி. பூட்டு இந்தக் கதவில் தொங்குகிற பூட்டு. சாவி அன்றைக்கு அந்தத் தம்பியின் சட்டைப்பையிலேயே இருந்திருக்கிறது.